ஐந்து நாற்காலிகளில் ஒரு வெள்ளைக்காரர்

நான் பயப்படுகிறவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பேர்லினில் நொய்கெல்ன் பகுதியில் ஒரு அயலவர் மன்றத்துக்குப் பதினொரு வருடங்களாக நான்தான் ஹவுஸ்மைஸ்டர், கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள். கட்டடத்தின் திறப்புகள் எல்லாம் என் இடுப்பில் தொங்கும். தண்ணீர்க் குழாயை இரண்டு தரம், ஜன்னல் கொக்கியை மூன்று தரம் பார்க்காமல் வீட்டுக்குப் போனதில்லை. அதனால்தான் அங்கே இன்றுவரை ஒரு குழாயும் வெடிக்கவில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு, இன்னொரு முறை பார்ப்பது.

அப்படிப்பட்ட நான், முப்பத்திநான்கு பத்திரிகைத் தாள்களை வரிசை மாற்றித் தொங்கவிட்டேன். மூன்று தரம் பார்த்த பிறகும்.

தாள்கள், எங்கள் மன்றத்தில் தையல் வகுப்புக்கு வருகிற ஒரு அரபு அம்மையாருடையவை. எழுபது தாண்டியவர், பேர்லினில் செயற்கைப் பல் செய்யும் கூடமொன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்தது வளைகுடாவில் ஒரு சின்ன நாட்டில். ஜெர்மனிக்கு வருமுன் நான் நான்கு வருடம் துப்புரவு வேலை செய்ததும் அதே நாட்டில்தான். அதனால் எங்களுக்குள் ஒரு ஒட்டு இருந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அரபு தெரியாது. இரண்டு பேருக்கும் அரைகுறையாக வந்த ஜெர்மன் போதுமாக இருந்தது.

அவருடைய தகப்பனார், அந்த நாட்டில் பிரிட்டிஷ்காரரின் கை ஓங்கியிருந்த காலத்தில் பத்திரிகைக்கு எழுதியவர். ஆட்சியாளருக்கு ஆலோசகர் என்று ஒரு வெள்ளைக்காரர் இருந்தாராம். பெயருக்குத்தான் ஆலோசகர். உள்ளூரில் அவரைப் பற்றி ஒரு வரி அச்சிட முடியாது. அதனால் எழுதியதை ஆள்மூலம் பெய்ரூட்டுக்கும் கெய்ரோவுக்கும் அனுப்புவார்கள். அங்கே அச்சான தாள் உடுப்புப் பெட்டிகளுக்குள் ஒளிந்து திரும்பி வரும். நாட்டை விட்டுப் போக வேண்டி வந்தபோது தகப்பனார் கொண்டுவந்த சொத்து, அந்தத் தாள்களின் கட்டு ஒன்றுதான்.

இப்போது அம்மையார் மாத முடிவில் வீட்டைக் காலி செய்துவிட்டு லைப்சிக்கில் இருக்கிற மகளோடு போக வேண்டும். மகள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "பழைய பேப்பருக்கு என்னிடம் இடமில்லை, அம்மா." ஒரு நூலகத்திலிருந்து ஒரு பெண் சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் மன்றத்துக்கு வந்து பார்ப்பதாக டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், கொடுத்திருந்தாள். பிடித்தால் எடுப்பாள். பிடிக்காவிட்டால், கடதாசி போடுகிற நீலத் தொட்டிதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். தாள்கள் முன்தினமே மன்றத்துக்கு வந்துவிட்டன; ஆனால் அவருக்கு இடுப்பு வலியாம், வர முடியவில்லை. "நீங்களே தொங்கவிடுவீர்களா? திகதி வரிசையில் போட்டால் போதும். உங்களுக்கு எங்கள் எண்கள் தெரியுமே."

தெரியும்தான். நான்கு வருடம் பஸ் நம்பர் பார்த்தே பழகியவை. ஆனால் அரபு எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. அங்கே இருந்தபோது அரபுப் பத்திரிகையை நான் கையில் எடுத்ததெல்லாம் கண்ணாடி துடைக்கத்தான். ஜன்னலுக்கு நீர் அடித்து, பத்திரிகையைக் கசக்கி வட்டமாகத் துடைத்தால் கண்ணாடி பளிச்சென்று இருக்கும். எத்தனை பேர் பயந்து பயந்து எழுதிய வரிகளை அப்படிக் கசக்கி எறிந்தேனோ தெரியாது. அந்த நினைப்பு இருந்ததாலோ என்னவோ, இந்தத் தாள்களைக் கண்ணாடி மாதிரியே பிடித்தேன். ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. மண்டபத்தின் நீளச் சுவரில் கயிறு கட்டி, உடுப்புக் கிளிப் போட்டு, திகதி பார்த்துப் பார்த்துத் தொங்கவிட்டேன். இடது மூலையில் முதலாவது. வலது மூலையில் கடைசி.

சனிக்கிழமை ஒரு மணிக்கு முதல் ஆளாக வந்தவர், பக்கத்துத் தெருவில் இருக்கிற எகிப்துக்காரர். முன்பு டாக்ஸி ஓட்டியவர். எங்கள் மண்டபத்தில் சதுரங்கம் ஆட வருவார். நேரே வலது மூலைக்குப் போய்ப் படிக்கத் தொடங்கினார். ஐந்தாறு தாள் நகர்ந்ததும் சிரிக்க ஆரம்பித்தவர், ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சகோதரா, உன் சுவரில் வெள்ளைக்காரன் முதலில் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறான். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்து ஆளுகிறான்!"

அரபு வலமிருந்து போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அதன் எண்கள் நம்முடையவை போலவே இடமிருந்து போகும். நான் எழுத்தைப் பார்க்கவில்லை, எண்ணை மட்டும் பார்த்தேன். கையும் எண் போன பக்கமே போய்விட்டது.

சமையலறையில் தேநீர் போடுகிற மன்னார் அக்கா, சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தா.

"தம்பி, அந்தாள் ஏன் இப்பிடிச் சிரிக்கிறார்?"

"மாறித் தொங்கவிட்டிட்டன் அக்கா."

"அரபு நம்பர் தண்ணி பட்ட பாடு எண்டு நேற்று முழுக்கப் பீத்தினீர்?"

"நம்பர் சரி அக்கா. சுவர்தான் பிழை."

"ஓம் ஓம், சுவர்தான் பிழை. நேற்று மூண்டு தரம் எண்ணிப் பாத்தனீர், அந்த மூண்டு தரமும் சுவர் பேசாமல்தானே நிண்டது?"

எகிப்துக்காரர் கண்ணைத் துடைத்தபடி, "விடு, மாற்றாதே" என்றார். "போனான், பிறகு வேறு வேஷத்தில் திரும்பி வந்தான். உண்மையில் நடந்ததும் அதுதான். இதைவிடச் சரியாக எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை."

எனக்கும் அந்த நியாயம் இனிப்பாகத்தான் இருந்தது. இரண்டு மணிக்கு அம்மையார் ஊன்றுகோலோடு வந்து சேரும்வரை.

அவர் சிரிக்கவில்லை. வலது மூலையில் நின்று பார்த்துவிட்டு, முழுச் சுவரையும் கடந்து இடது மூலைக்கு நடந்தார். அங்கே தொங்கிய சின்னத் தாளில் விரலை வைத்தார்.

"இது என் அப்பா எழுதியது. வேறு பெயரில். ஒரே ஆள் பொலிசையும் நடத்தி, நீதிமன்றத்திலும் இருந்து, கஜானாவையும் வைத்திருந்தால், அந்த ஆளைப் பற்றி முறையிட எவரிடம் போவது என்று கேட்டிருக்கிறார். அந்த நேரம் வேறொருவரும் கேட்கவில்லை. கெய்ரோக்காரர் எல்லாம் சத்தம் போட்டது பிறகுதான். இந்தச் சுவரில் அவர் கடைசி ஆள். எல்லாரும் சொன்ன பிறகு தானும் சொன்னவர்."

அதற்குமேல் எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. வழக்கமாக ஒரு பிழை நடந்தால் நான் ஒரு கிழமை நித்திரை கொள்ளமாட்டேன். அன்று அப்படி இல்லை. "மூன்று மணிக்குள் மாற்றித் தருவேன்" என்றேன், பெரிய கொந்தராத்துக்காரன் மாதிரி.

தையல் மேசைகளை இழுத்துப் போட்டோம். நான் கழற்றக் கழற்ற எகிப்துக்காரர் வாங்கி, படித்துக்கொண்டே அடுக்கினார். ஒரு கேலிச்சித்திரத்தை மட்டும் என்னிடம் நீட்டினார். பெரிய தொப்பி போட்ட ஒருவர் ஐந்து நாற்காலிகளில் ஒரே நேரத்தில் படுத்தமாதிரி உட்கார்ந்திருந்தார். பொலிஸ், நீதிமன்றம், சுங்கம், பள்ளிக்கூடம், கஜானா என்று எகிப்துக்காரர் ஒவ்வொரு நாற்காலியாகத் தொட்டுக் காட்டினார். சுவரோரம் ஊர்க்காரர் உட்கார இடமில்லாமல் நின்றார்கள். எழுத்தே தெரியாமல் நானும் சிரித்தேன்.

"எங்கட பழைய சங்கத் தலைவரும் இப்பிடித்தான்," என்றா அக்கா. "அவருக்கு ரெண்டு நாற்காலி கூட."

இரண்டு ஐம்பதுக்கு நூலகப் பெண் வந்து நின்றாள். இந்த நாட்டில் டெர்மின் என்றால் பத்து நிமிடம் முந்தி என்பதை அந்த அவசரத்தில் மறந்துவிட்டேன். சுவரில் பாதி, மேசையில் பாதி. மேசையில் கிடந்தவற்றில் பல கவிழ்ந்து கிடந்தன. அம்மையார் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் முன்னால் போய் நின்றேன். "வரிசையை நான்தான் பிழையாகப் போட்டேன். இந்த அம்மையாருக்கு அதில் பங்கில்லை. எது முதல் தாள், எது கடைசித் தாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்."

அவள் தலையாட்டினாள்; ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கவிழ்ந்து கிடந்த தாள் ஒன்றின்மேல் குனிந்திருந்தாள். அரபு படித்த பெண். பின்பக்க ஓரத்தில் பென்சில் கிறுக்கல்கள். முதல் நாள் அவை அழுக்காகத் தெரிந்ததால்தான் அந்தப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பிப் போட்டிருந்தேன். அழிரப்பரைக்கூடக் கையில் எடுத்தேன். பிறகு, இது என் பொருள் இல்லையே என்று பயந்து வைத்துவிட்டேன். அந்தப் பயத்துக்கு நான் இன்றும் கடமைப்பட்டவன்.

"இது என்ன, தெரியுமா?" என்று அம்மையாரைக் கேட்டாள்.

"தாள் போன வழி," என்றார் அம்மையார் கண்ணைத் திறந்து. "எந்தக் காப்பிக் கடையில் வாசித்தார்கள், அடுத்து யாரிடம் கொடுத்தார்கள் என்று எழுதுவார்கள். பெயர் போடமாட்டார்கள். தச்சர், முத்துக் குளிப்பவர், வாத்தியார் என்று தொழில் மட்டும். சிலர் சண்டையும் பிடிப்பார்கள். அங்கே பாருங்கள்."

அந்தப் பெண் விரலால் தடவி மெல்ல வாசித்தாள். கெய்ரோக்காரர் கூட்டி எழுதுகிறார்கள், அந்த ஆள் காலத்தில் பள்ளிக்கூடமும் வந்தது, அதையும் சொல்லுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் இன்னொருவர்: பள்ளிக்கூடம் எங்கள் காசில் வந்தது.

எகிப்துக்காரர் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இந்தப் பத்திரிகைகளில் அநேகமானவை எங்களிடம் படச்சுருளில் பிரதியாக இருக்கின்றன," என்றாள் நூலகப் பெண். "அதைச் சொல்லி, நான்கைந்தை மட்டும் எடுக்கலாம் என்றுதான் வந்தேன். ஆனால் இதை வாசித்தவர்கள் எங்களிடம் இல்லை. எல்லாவற்றையும் எடுக்கிறேன்."

பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நிரப்பி, கையெழுத்துக்கு நீட்டினாள். அம்மையார் பேனையை வாங்கினார், ஆனால் எழுதவில்லை.

"முதலில் பட்டியல்," என்றார்.

"அதை நூலகத்தில் செய்வோம்."

"இங்கே செய்யுங்கள். நான் பார்க்க வேண்டும்."

அக்கா எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. நான் தாள்களைத் திகதி பார்த்து ஒவ்வொன்றாக நீட்டினேன். அம்மையார் விரல் வைத்த அந்தச் சின்னத் தாளைத்தான் முதலில் கொடுத்தேன். நூலகப் பெண் தன் பட்டியலின் மேல்வரியில் ஒன்று என்று போட்டு, பத்திரிகையின் பெயரை எழுதி, எழுதியவர் யார் என்று கேட்டாள். அம்மையார், அச்சில் இருந்த பெயரைச் சொல்லவில்லை. தகப்பனாரின் சொந்தப் பெயரைச் சொன்னார். அந்தப் பெண் எழுதி முடித்துத் தாளைத் திருப்பிக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி அதை ஒரு முறை படித்தார். இன்னொரு முறையும் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.