எல்லாரும் வாசித்த பிறகுதான் பஸ்

எங்கள் தெருப் பெண்கள் கூட்டத்தில் இன்று ஆளாளுக்கு ஒரு லட்சியம் சொல்லச் சொன்னார்கள். கூட்டம் நடத்துகிற லதா என்னைப் பார்த்து, "அம்மச்சிக்கு லட்சியம் எந்தா? சொல்லணும் கேட்டோ" என்றாள். எனக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்துவிட்டேன். வெளியே புதுச்சுவரில் ஈர சிமெண்டு வாசனை. அது என்னைச் சும்மா விடுமா?

அந்தக் காலத்தில் மலையாள நாட்டுக்குக் கட்டட வேலைக்கு வந்த நாங்கள் ஐந்து சித்தாள்கள், அந்த வாசனைக்குள் இருந்துதான் மலையாள எழுத்துப் படித்தோம். எல்லாரும் திருநெல்வேலிப் பக்கம். தமிழே எனக்குத் தத்தித் தத்தித்தான் வரும். ஆனால் பஸ் எங்கே போகிறது என்று ஊரானிடம் கேட்பதைப்போலக் கேவலம் எனக்கு வேறில்லை. ஓணத்துக்குள் எல்லா பஸ் போர்டையும் வாசித்துவிடுவது என்று மத்தியானச் சோற்று நேரத்தில் முடிவானது. செல்லம்மா ஒரு சட்டமும் போட்டாள். "அஞ்சு பேரும் வாசிச்ச பொறவுதான் ஏறணும். முந்துறவ கால ஒடிச்சிருவேன்."

சாயங்காலம் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் வரிசையாக நிற்போம். ஒருத்திக்கு ஓர் எழுத்து பிடிபடாது. தெரிந்தவள் வாய் திறக்கக் கூடாது. அதற்குள் பஸ் போய்விடும். மற்ற நால்வரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வராது. விழிஞ்ஞத்தில் கட்டிக்கொடுத்த என் மகள் ஜெயாவுக்கு அது நிறைமாதம். ஆள் வந்து சொன்னால் அந்த நிமிஷம் நான் ஓட வேண்டும். ஐந்து பேர் வாசித்து முடிகிறவரை பிள்ளை பொறுக்குமா? யாரிடமும் சொல்லாமல் தனியாக ஒன்று நினைத்துக்கொண்டேன். மற்ற ஊரெல்லாம் கிடக்கட்டும், விழிஞ்ஞம் போதும். கலவைச் சட்டியோடு படியேறும்போதும் அந்த எழுத்துகளை மனசுக்குள் வரைந்துகொண்டே ஏறினேன்.

தகவல் வந்த சாயங்காலம், நான்கு பேரையும் வாசிக்க விட்டுவிட்டு ஓடி ஏறினேன். பெருமை தாங்கவில்லை. பக்கத்துச் சீட்டு மலையாளத்துக்காரியிடம், "நானே வாசிச்சு ஏறினேன்" என்றேன். "அதினெந்தா?" என்று, அதுக்கென்ன இப்போ என்கிற மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செல்லம்மாவாக இருந்தால் சந்தோஷத்தில் டிரைவர் வரைக்கும் கேட்கக் கத்தியிருப்பாள்.

பேத்தி பிறந்தபோது பக்கத்தில் இருந்தேன். இருக்காமல் எப்படி? திரும்பி வந்தபோது ஓணம் முடிந்திருந்தது. நால்வரும் எல்லாப் போர்டையும் ஒரே குரலில் வாசித்தார்கள். "ஒனக்கு ஒரு ஊரு போதும்லா, ஏறிப் போ" என்றாள் செல்லம்மா. அதில் கோபம் இல்லை, அதுதான் குத்தியது. எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்க எனக்கா வாய் வரும்?

கட்டடம் முடிந்ததும் ஆளுக்கொரு திசை. செல்லம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மருமகனுக்கு வேலை மாறி ஜெயா தூத்துக்குடிக்குக் குடிபோய் வெகுகாலம். விழிஞ்ஞத்தில் எனக்கு இப்போது யாரும் இல்லை. மலையாளத்தில் நான் வாசிக்கிற ஒரே ஊர் அது.