துணியின் மேல் போட்ட பழி

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண் கொஞ்ச நாளாகவே துணியோடு சண்டையில் இருந்தாள். அடிக்கோல் வைத்துப் பென்சிலால் இழுத்த கோட்டின் மேல் தையல் போட்டுக்கொண்டே வருவாள். ஒரு சாண் தாண்டியதும் கோடு நடுவில் தொய்ந்து, ஈரத்துணி காயும் கொடி மாதிரி வளைந்து நிற்கும். பிரிப்பாள், மறுபடி போடுவாள், மறுபடியும் வளையும். முதலில் துணியை இழுத்துப் பிடிக்கும் பூவேலைச் சட்டம் இறுக்கமாக இல்லை என்று புதுச் சட்டம் வாங்கினாள். அப்புறம் நூலைக் குறை சொன்னாள். கடைசியில் துணியையே துணிக்கடைக்காரர் முன்னால் கொண்டுபோய்ப் போட்டு, நெசவே கோணல் என்று வாதாடினாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெடுநாள் வாடிக்கையாயிற்றே என்று வாயைத் திறக்காமல் வேறு துணி வெட்டிக் கொடுத்தார். அந்தத் துணியும் வளைந்தது.

அதற்கு மேல் குறை சொல்ல வேறு பொருள் எதுவும் மிச்சமில்லை.

சின்ன வயதிலிருந்தே அவளுடைய இடது கண் பேருக்குத்தான் கண். வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், அதற்கு மேல் அதனால் ஆகாது. மாத்திரை அட்டையில் பெயர் படிப்பது, மருத்துவர்களின் கிறுக்கலுக்கு அர்த்தம் கண்டுபிடிப்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் வலது கண்ணின் பாடு. துணியில் குற்றமில்லை என்றால் குற்றம் எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்வதற்கும் ஒப்புக்கொள்வதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. அந்த இடத்தில் மனிதர்கள் வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறார்கள்.

கணவர் இறந்த பின் அந்த வீட்டில் அவளும் நாத்தனாரும் மட்டும்தான். நாத்தனாருக்குக் கண்காட்சிக் கூடத்தில் வேலை. வருகிறவர்களின் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்க வேண்டும். அறுந்த பொத்தானைத் தைக்கக்கூட அவளுக்கு அலுப்பு. துணிக்கு ஊசி போட்டே அண்ணி அதைக் குணப்படுத்தப் பார்க்கிறாள் என்று கேலி செய்வாள். உன் விரலுக்கு டோக்கன்தான் லாயக்கு என்று அண்ணியும் விட மாட்டாள். இரண்டு பேருக்கும் அதுதான் கொஞ்சல்.

அந்தக் கூடத்துக்குப் புதுமாதிரி உடைகளின் கண்காட்சி ஒன்று வந்தது. துணி முழுக்க ஊசி வேலையாம். எத்தனையோ தடவை கூப்பிட்டும் எட்டிப் பார்க்காத அண்ணி, இந்த முறை தானாகவே அனுமதிச் சீட்டு கிடைக்குமா என்று கேட்டாள். அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. வேறொருவர் கையால் வேறொரு துணியில் போட்ட கோடு நேராகத் தெரிந்தால் போதும். கண் தப்பித்தது என்று அர்த்தம். பழியைப் பழையபடி துணியின் மேலேயே போட்டுவிடலாம். வளைந்து தெரிந்தால் என்ன என்பதை அவள் யோசிக்கவில்லை.

கணக்கு உள்ளே நுழைந்ததுமே தப்பிப்போனது. முதல் உடைக்கு முதுகில் ஒரு கை முளைத்திருந்தது. அடுத்ததில் ஓரம் மடிக்காமல் நூல்கள் தரை வரைக்கும் தொங்கின. இன்னொன்றில் தையல் குடிகாரன் நடையாகப் போய்ப் பாதியில் நின்றிருந்தது. எது பிழை, எது வேண்டுமென்றே செய்தது என்று அந்தக் கூடத்தில் யாராலும் சொல்ல முடியாது. அவளுக்கு ஏமாற்றம் வந்திருக்க வேண்டும். மாறாக, மனது லேசாகிவிட்டது. நேரான கோடே இல்லாத இடத்தில் எந்தக் கண்ணும் தோற்காது. அவள் உற்சாகமாகக் குறை சொல்லத் தொடங்கினாள். இங்கே இழுப்பு அதிகம், அங்கே நிறம் பொருந்தவில்லை, இதைப் போட்டுக்கொண்டு எப்படி உட்காருவது?

மதிய இடைவேளையில் நாத்தனார் வந்து சேர்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் அண்ணியைக் கவனித்தாள்.

"என்ன அண்ணி, கோழி மாதிரி தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்க்கிறீங்க? கீழ ஏதாவது தானியம் சிந்தியிருக்கா?"

விளக்கு கண்ணில் அடிக்கிறது என்று அவள் சொன்னாள். துணி வெளுத்துவிடாமல் இருக்க அங்கே விளக்குகளைப் பாதியாகத்தான் எரியவிட்டிருந்தார்கள்.

கடைசி அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரே ஒரு கறுப்பு அங்கி. தோளிலிருந்தும் கைகளிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் வெள்ளைக் கோடுகள் புறப்பட்டு நெஞ்சின் நடுவை நோக்கி ஓடின. அவள் அதன் முன்னால் நின்றுவிட்டாள். எந்தத் துணியானாலும் நான்காக மடித்து, மடிப்புகள் கூடும் நடுவில் முதல் தையலைப் போட்டுவிட்டுத்தான் அவள் வேலையைத் தொடங்குவாள். நடு இல்லாத வேலை அவளுக்கு வேலையே இல்லை. இங்கேயோ இத்தனை கோடுகளும் ஓடிவந்து, கிட்டே வந்ததும் நெளிந்து, நின்றுவிட்டன. நடுவில் வெறும் கறுப்பு.

காலையிலிருந்து ஒன்றையும் நல்லதென்று சொல்லாதவள் முதல் தடவையாகப் பாராட்டினாள்.

"இதைச் செஞ்சவங்களுக்குத்தான் வேலை தெரிஞ்சிருக்கு. அவ்வளவு கோட்டையும் இழுத்துட்டு வந்து, நடுவுல ஒண்ணுமே போடாம விட்டிருக்காங்க பாரு. எனக்கு அந்தத் தைரியம் வராது."

நாத்தனார் சிரித்தாள். அண்ணி வேடிக்கை பண்ணுகிறாள் என்று நினைத்தாள்.

"ஒண்ணுமே போடலையா? அந்தச் செவப்பைப் பார்க்கத்தானே கூட்டமே வருது."

"எந்தச் செவப்பு?"

நாத்தனாரின் சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணாடியில் பட்டும் படாமலும் விரலை நீட்டினாள். "இதோ. முடிச்சு முடிச்சா, கட்டைவிரல் நகம் அளவுக்கு. கருஞ்செவப்பா இருக்கு."

"கோடெல்லாம் கிட்ட வந்ததும் வளையுதுல்ல?"

"நேரா இருக்கு அண்ணி. ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி."

அவள் அங்கியின் தோளைப் பார்த்தாள். அப்போது கீழே, பார்வையின் ஓரத்தில், சிவப்பாக ஏதோ இருந்தது. சட்டென்று கண்ணை அதன் மேல் திருப்பினாள். கறுப்பு வந்து மூடிக்கொண்டது. மறுபடி தோள், மறுபடி சிவப்பு. திரும்பினால் இல்லை. எதைப் பார்க்க வேண்டுமென்று நினைக்கிறாளோ அது மட்டும்தான் அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் தொண்டையைக் கனைத்தார்கள். அவள் நகர்ந்து வழிவிட்டாள்.

நாத்தனார் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவளோடு கிளம்பினாள். பேருந்தில் அண்ணி மடியில் வைத்திருந்த கையின் விரல் நுனிகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ச் சட்டத்திலிருந்து துணியை அவிழ்த்து நாத்தனாரின் கையில் கொடுத்தாள். நெருக்கமான நெசவு அது. நூலைப் பிரித்தாலும் ஊசி போன துளை மூடாது. பிரித்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னாள்.

நாத்தனார் ஜன்னலுக்கு நேராகத் துணியைத் தூக்கிப் பிடித்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள்.

"சொல்லு."

"நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் அண்ணி. நான் கூட வர்றேன்."

"போகலாம். இப்ப சொல்லு."

"ஓட்டை எல்லாம் ஒரே வரிசையா இருக்கு."

"ஒண்ணுகூட விலகலையா?"

"இல்ல."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். பிரித்துப் பிரித்து அந்த இடத்தில் துணி பஞ்சாகிப் போயிருந்தது. அத்தனை முறையும் அவள் சரியான தையலைத்தான் பிரித்திருக்கிறாள். இனிமேல் போடுவது சரியா, தப்பா என்று கேட்க ஊசியே தொடாத ஒருத்திதான் இருக்கிறாள்.

"துணிக்கடைக்காரர் அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"நீங்க சொல்ல விட்டிருப்பீங்களா?"

அவள் துணியை வாங்கி, அதில் குத்தி வைத்திருந்த ஊசியைப் பார்க்காமலே தடவி எடுத்து, டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.