ஒன்றரை மணி நேரப் பயணம்

எங்கள் பேருந்து நிலையத்தின் நேரக் காப்பாளரை எல்லோரும் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவோம். வண்டி கிளம்பிய நேரம், வந்து சேர்ந்த நேரம் இரண்டையும் ஏட்டில் எழுதுவார், கழிப்பார், ஓட்டுநரை முறைப்பார். முப்பத்தொரு வருடமாக இதே வேலை. பக்கத்து ஜன்னலில் டிக்கெட் கொடுக்கும் எனக்கும் அந்த முறைப்பில் தினமும் பங்கு உண்டு.

கடல் தாண்டி இருக்கும் அவர் மகளுக்குப் பிரசவ நேரம். அவர் மனைவி முதல்முறையாகத் தனியே விமானம் ஏறினார். அன்று விமான நிலையத்தில் அவரை விட்டுவிட்டு வேலைக்கு வந்த கடிகாரம், டிக்கெட் நகலை என்னிடம் நீட்டினார். புறப்பாடு காலை 9.40. அங்கே இறங்குவது 11.10. தூரம் மூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் என்று மகள் சொல்லியிருந்தாளாம்.

"ஒன்றரை மணி நேரத்துல அவ்வளவு தூரமாண்ணே?"

"பிளேன்யா அது. உன் டவுன் பஸ்ஸா?"

அண்ணிக்குச் சர்க்கரை வியாதி. காலையில் ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் மயங்கி விழுந்துவிடுவார். யாரிடமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஆளும் இல்லை. அவர் பையில் வைத்த பிஸ்கட்டையும் பழத்தையும் இந்த மனிதர்தான் வெளியே எடுத்து வைத்தாராம். ஒன்றரை மணி நேரத்துக்கு எதற்கு வீண் சுமை என்று.

பதினொன்று பத்து ஆயிற்று. மருமகனிடமிருந்து போன் வரவில்லை. பதினொன்று நாற்பதுக்குப் பொறுக்கமாட்டாமல் விமான நிலைய விசாரணைக்கு அடித்தார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"போய்க்கிட்டிருக்கு சார். பதினொண்ணு பத்துக்கு இறங்கிடும்."

"இப்பவே மணி பதினொண்ணு நாப்பதுங்க!"

"அது நம்ம ஊர்ல சார். அங்க இப்ப எட்டு பத்துதான். மொத்தம் அஞ்சு மணி நேரப் பயணம்."

போனை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். எனக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். ஒன்பது நாற்பதோடு ஐந்தைக் கூட்டினால் இரண்டு நாற்பது. அது எப்படிப் பதினொன்று பத்து ஆகும்? மூன்றாவது தடவை கழித்தும் சரிவராமல் பேனாவை ஏட்டின் மேல் போட்டார்.

"இன்னும் மூணு மணி நேரம் அவ வெறும் வயித்தோட இருக்கணுமேடா. நானே வெளிய எடுத்து வெச்சேனே, பாவி."

அந்த மூன்று மணி நேரத்தில் எத்தனை வண்டி வந்தது, போனது என்று ஏட்டைக் கேட்டாலும் சொல்லாது. அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

இரண்டு ஐம்பத்தைந்துக்குப் போன் அடித்தது. அண்ணிதான்.

"இறங்கிட்டேங்க. மாப்பிள்ளை வெளிய காத்துக்கிட்டிருக்காராம்."

"மயக்கம் கியக்கம் வந்துச்சா? என்ன சாப்பிட்ட?"

"பிஸ்கட்டும் பழமும். நீங்க வெளிய எடுத்து வெச்சுட்டுச் செருப்பு மாட்டப் போனீங்கல்ல, அப்பவே திரும்ப உள்ள வெச்சுட்டேன்."

"ஒன்றரை மணி நேரம்னு சொன்னேனேடி?"

"நீங்க சொன்ன நேரத்துக்கு எந்த வண்டிங்க வந்திருக்கு?"

அவர் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. அப்போது மூன்று மணி வண்டியின் ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"கடிகாரம், மணி என்ன? எடுக்கலாமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தை வெகுநேரம் பார்த்தார்.

"தெரியலப்பா" என்றார்.