முனியாண்டிக்குக் காட்டாத ஐசி

மலேசியாவில் ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பாலெடுக்க மரம் வெட்டுகிறவள் நான். சென்ற வருடம் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வேனில் ஒரு பெண்மணி வந்தார். கிள்ளானில் துணி தைக்கும் ஃபேக்டரியில் வேலை, தங்க இடமும் உண்டு என்றார். ஐசியை, அதாவது அடையாளக் கார்டைக் கேட்டார். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுத்துப் பழகிய கைகள். நானும் பக்கத்து வீட்டு லெட்சுமியும் உடனே நீட்டிவிட்டோம்.

புது வேலைக்குப் போகிற யாரும் தோட்டத்து வாசலில் இருக்கும் முனியாண்டியைக் கும்பிடாமல் போவதில்லை. வேனில் ஏறிப் போன நாங்கள் அங்கே இறங்கியதும் லெட்சுமி அந்தப் பெண்மணியிடம் கேட்டாள்: "அக்கா, எங்க ஐசிய குடுங்க. சாமி காலடியில வெச்சு எடுத்துக்கிறோம்."

"அதெல்லாம் வேணாம்லா, ஏறுங்க!"

"சாமிக்குக் காட்டக்கூடவா குடுக்க மாட்டீங்க?" என்ற லெட்சுமி, வேனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேலை வாங்கும் மண்டோர் எதிரில் வாயே திறக்காதவள் அவள்! டிரைவர் இஞ்சினை உறும விட்டான். அவள் அசையவில்லை. பால் வாளிகளோடு வந்த பெண்கள் ஒவ்வொருவராக அவளருகில் உட்கார்ந்தார்கள். கடைசியில் எங்கள் கார்டுகள் ஜன்னல் வழியே வந்து விழுந்தன. பெண்கள் வழிவிட, வேன் பறந்தது.

அதே வேனில் முன்பு போன பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி பிறகு தப்பி வந்தாள். எல்லை தாண்டி ஒரு வீட்டில் பூட்டி வைத்தார்களாம். அங்கே பல நாட்டுப் பெண்கள் இருந்தார்களாம். ஒருத்தி கையிலும் கார்டு இல்லையாம்.

இப்போது வேலை தருகிறேன் என்று யார் வந்தாலும் காப்பி கொடுத்துவிட்டு, "முதல்ல உங்க ஐசிய குடுங்க, சாமி காலடியில வெச்சுத் தர்றோம்" என்பேன். போன மாதம் வந்தவர் காப்பியைத் தொடாமலே எழுந்து போனார்.