எழுநூறு பேரைப் படகேற்றிய ஞாயிறு

எழுபதுகளின் கடைசியில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு சரக்குக் கப்பலின் வயர்லெஸ் அதிகாரிக்கு இங்கே குடல்வால் அறுவை நடந்தது. கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. உடம்பு தேறி ஊர் திரும்பும்வரை அவரைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. பொழுது போகாமல் அவர் எங்களுக்கு ஒரு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார். பலகை கிடையாது. ஒருவர் ஒரு மாய உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ அதற்குள் இருந்துகொண்டு, தான் என்ன செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும்; எண் பெரிதாக விழுந்தால் பலித்தது.

போகும்போது பகடையையும் விதிப் புத்தகத்தையும் கொண்டுபோய்விட்டார். ஆனால் அதற்குள் எங்கள் அலுவலக டைப்பிஸ்ட் விதிகள் முழுவதையும் கார்பன் வைத்து அடித்துவிட்டிருந்தார். தருவைகுளத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்; யாரையும் அதிகம் பேசவிடாத வேகக்காரி. பகடைக்குப் பதிலாகக் கோயில் திருவிழாத் தம்போலா எண் விளையாட்டின் மரவில்லைகளில் ஒன்று முதல் இருபது வரை இரவல் வாங்கி, ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

ஞாயிறு மதியங்களில் அலுவலகச் சாவி என்னிடம்தான் இருக்கும். டைப்பிஸ்ட் ஒரு குறுநிலத் தலைவியாக ஆடினார். உப்பளத்தில் மேற்பார்வை பார்த்த ஓர் அண்ணாச்சி மந்திரவாதி. சுங்க வேலைகளைக் கவனித்த என் காயல்பட்டினத்து நண்பன் தளபதி. கதை நடத்துவது நான்.

மூன்று பேரும் குகைக்குள் போய் பூதத்தோடு மோதும்வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. வடக்கு மலையிலிருந்து கல்மனிதர்களின் படையை நான் இறக்கிய பிறகுதான் சிக்கல். ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு வில்லை எடுத்தேன். நாலு ஞாயிறுகள் போயின. செத்தவர்கள் அறுபது பேர். மிச்சமிருந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அண்ணாச்சி நாற்காலியிலேயே தூங்கிவிட்டார்.

டைப்பிஸ்ட் பென்சிலை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒவ்வொருத்தனையும் ஏன் சார் கேக்கிய? சப்பரம் வரும்போது கூட்டத்தைப் பாத்ததில்லையா? முன்னால நாலு பேரு திரும்புனா, பின்னால நூறு பேரும் திரும்புதான். ஆளை எண்ணாதீய. கூட்டத்தைப் பாருங்க."

அடுத்த வாரம் ஒரு சாக்குப்பை நிறைய முத்துச்சிப்பி ஓடுகளோடு வந்தார். அவருடைய அப்பா முத்துக் குளிக்கப் போன காலத்தில் கொல்லையில் கொட்டிவைத்தவை. ஒரு சிப்பி நூறு பேர். பளபளக்கும் உட்புறம் மேலே இருந்தால் அந்த நூறு பேரும் உறுதியாக நிற்கிறார்கள். கவிழ்த்து வைத்தால் கலங்கிவிட்டார்கள். அதற்கு மேல் விதி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நூறு பேரை எது திருப்பும், எது நிறுத்தும் என்று யோசிக்க ஆரம்பித்தபோதுதான் எனக்குக் கதை நடத்தும் வேலை பிடிபட்டது. போர்க்களம் முழுவதையும் நான் ஆடிக்காட்ட வேண்டியதில்லை. கொடி சாயப்போகிற இடத்தில் என் மூன்று பேரில் ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தி, என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டால் போதும். அவர்கள் செய்வதைப் பொறுத்துச் சிப்பிகள் புரளும். அண்ணாச்சி அதன்பிறகு ஒருநாளும் தூங்கவில்லை.

இரண்டாம் வருடம் நண்பனுக்கு வளைகுடாவிலிருந்து விசா வந்தது. புதன்கிழமை பயணம். கடைசி ஞாயிறுக்காக நான் ஒரு மாதம் உழைத்திருந்தேன். ஆற்றுமுகத்தில் ஒரு கோட்டை. உள்ளே எண்ணூறு பேர், வெளியே மூவாயிரம் கல்மனிதர்கள். நண்பன் ஊரே பேசும்படி போரிட்டு ஜெயிக்க வேண்டும் அல்லது சாக வேண்டும். என் எண்ணம் அதுதான்.

மேசைமேல் இருந்த எட்டுச் சிப்பிகளையும் அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு, "நான் சண்டை போடல. எல்லாரையும் படகுல ஏத்துதேன்" என்றான்.

"படகு ஏதுலே?" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆத்துமுகத்துல கோட்டை, ஆனா படகு இல்லையா? இந்த ஊர்ல இருந்துக்கிட்டு நீ இப்படிச் சொல்லலாமாலே?"

அண்ணாச்சி சிரித்துவிட்டார். ஒரு மாதத்துக் குறிப்புகளை மூடிவைத்துவிட்டு, படகேற்றுவதையே போராக நடத்தினேன். அண்ணாச்சி மந்திரத்தால் ஆற்றின்மேல் மூடுபனியை வரவழைத்தார். ஒவ்வொரு சிப்பியாக மேசையின் மறுகரைக்குப் போனது. நாலாவது சிப்பி கவிழ்ந்தது. நண்பன் தண்ணீரில் இறங்கி நின்று கத்தித் தன் ஆட்களை நிமிர்த்தினான். ஏழாவது போனபோது கோட்டைக் கதவு விரிசல் விட்டது.

மிச்சம் ஒரு சிப்பி. அந்த நூறு பேரோடு கதவருகே நின்றது டைப்பிஸ்டின் தலைவி. வாங்க, போகலாம் என்று நண்பன் கூப்பிட்டான்.

"கதவை நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க படகுல ஏறுங்க" என்றார் அவர், குரலை உயர்த்தாமல்.

பைக்குள் கைவிட்டு அவரே வில்லையை எடுத்தார். மூன்று. கதவு விழுந்தது. ஆனால் அதற்குள் படகு நகர்ந்துவிட்டது என்று நான் சொன்னேன். வில்லை அப்படிச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

டைப்பிஸ்ட் அந்தக் கடைசிச் சிப்பியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். நண்பன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தான்.

மூன்று மாதம் கழித்து அவனிடமிருந்து கடிதம் வந்தது. வெயில், சாப்பாடு, அறையில் எட்டுப் பேர் என்பதையெல்லாம் எழுதிவிட்டு, கீழே ஒரு வரி: அக்கரை சேர்ந்த எழுநூறு பேரும் இப்போது என்ன செய்கிறார்கள்?

அவர்கள் காட்டைத் திருத்திக் குடிசை போட்டதையும், முதல் மழையில் எல்லாம் ஒழுகியதையும் நான் இரண்டு பக்கம் எழுதினேன். டைப்பிஸ்ட் அதை அடித்துத் தந்தார். அவன் அதை அறையில் வாசித்துக்காட்டினானாம். திருச்சிக்காரர் ஒருவர் மேலே என்ன ஆயிற்று என்று கேட்டு நச்சரிக்கிறார் என்று பதில் வந்தது. ஒரு வருடத்துக்குமேல் மாதம் ஒரு கடிதம் அனுப்பினேன். எழுநூறு பேரும் கிணறு தோண்டினார்கள், சண்டை பிடித்தார்கள், பிள்ளை பெற்றார்கள்.

பிறகு அவனுடைய கடிதங்களில் கல்யாணப் பேச்சும் வீடு கட்டும் பேச்சும் வந்தன. அந்த எழுநூறு பேரைப் பற்றிய கேள்வி நின்றுபோனது. நானும் எழுதுவதை நிறுத்தினேன். எனக்கு அதில் வருத்தமே இல்லை என்றால் அது பொய். இன்னும் இரண்டு கடிதத்துக்கான விஷயத்தை நான் யோசித்து வைத்திருந்தேன்.