குலுக்கலில் வந்த பட்டறை

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அவளைக் 'கணக்கு மேடம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக ஒட்டிக்கொண்ட பெயர். ஆற்றோரச் சாயப்பட்டறைகளில் கழிவுநீரைப் பிடித்துச் சோதிப்பது அவள் வேலை. எந்தக் கிழமை எங்கே போவாள் என்பது பட்டறைக்காரர்களுக்கு அத்துப்படி. அன்று மட்டும் குழாயில் தண்ணீர் பளிங்காக வரும். ஜீப் தெரு திரும்பியதும் ஆறு சிவந்துவிடும்.

அலுத்துப்போய், மாலை வகுப்பில் சேர்ந்து ஆட்டக் கோட்பாடு படித்தாள். எதிராளி என்ன செய்வான் என்று கணித்துக் காய் நகர்த்தும் கணிதம். அடிக்கடி போக ஆளில்லாவிட்டாலும், எப்போது வருவோம் என்பது யாருக்கும் தெரியக் கூடாது, தனக்கே தெரியக் கூடாது என்று அவளுக்குப் பட்டது. மேலதிகாரியிடம் போய் நின்றாள்.

"சீட்டுக் குலுக்கியா சோதனைக்குப் போறது? சிரிப்பாங்கம்மா."

"இப்பவும் சிரிச்சிட்டுத்தான் சார் இருக்காங்க."

அவர் சம்மதித்தார். அன்று முதல் காலையில் பட்டறைப் பெயர்கள் எழுதிய சீட்டுகளை டம்ளரில் குலுக்கி ஒன்றை எடுப்பாள். அவள் எப்போது வருவாள் என்று பட்டறைக்காரர்களுக்குத் தெரியாமல் போனது. பலர் சுத்திகரிப்பு இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டத் தொடங்கினார்கள்.

ஒரு நாள் அவள் தம்பி வேலை பார்த்த பட்டறையின் சீட்டு வந்தது. கழிவுநீரை ஆற்றில் விடும் மடையைத் திறந்து மூடுபவனே அவன்தான். சீட்டைத் திரும்பப் போடக் கை துறுதுறுத்தது. ஒரு தடவை போட்டால் அப்புறம் அது குலுக்கலே இல்லை. ஜீப்பில் ஏறினாள்.

மடை திறந்திருந்தது. முழங்கை வரை சாயத்தோடு தம்பி நின்றான். அவளைப் பார்த்தும் மடையை மூடப் போகவில்லை. அவள் கழிவுநீரைப் பாட்டிலில் பிடித்து முத்திரை வைத்தாள்.

முதலாளி அபராதம் கட்டினார். "அவன் இஷ்டத்துக்குத் திறந்துட்டான்" என்று தம்பியை வேலையை விட்டு அனுப்பினார்.

தம்பி அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"அக்கா, உன் ஆட்டத்துல நீ ஒரு ஆளு, மொதலாளி ஒரு ஆளு. நான் யாரு?"

"உள்ள வாடா" என்றாள். அவன் போய்விட்டான்.

மடை திறப்பவன் தலையில் பழியைக் கட்டி முதலாளி நழுவ முடியாதபடி விதியை மாற்ற, மேலிடத்துக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் மாற்றினார்கள். ஆனால் அதற்கு முன்பு வேலை போனவர்களுக்கு அது செல்லாது.

தம்பி இப்போது வேறு ஊரில் சரக்கு வண்டி ஓட்டுகிறான். அம்மாவிடம் போனில் பேசுவான். அவள் பக்கத்தில் இருந்தால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். அது தெரிந்தும் அவன் பேச்சை நிறுத்தமாட்டான். அக்காவிடம் எதுவும் கேட்கவும் மாட்டான்.