பூட்டு வைத்த கம்ப்யூட்டர்

விளையாடத்தான் வாங்கினேன். இதைச் சொல்ல அன்றும் எனக்கு வெட்கம் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் எவனும் நம்பவில்லை.

எண்பதுகளின் கடைசி. எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. பம்பாய் ஃபோர்ட்டில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலை. நாள் முழுக்கச் சரக்குக் கணக்கைத் தட்ட வேண்டும். அந்த மெஷினில் யாரோ ஒரு கேம் போட்டு வைத்திருந்தார்கள். மேலிருந்து கப்பல் கப்பலாக இறங்கும், கீழே இருந்து சுட வேண்டும், அவ்வளவுதான். மத்தியானம் ஒரு கையால் தயிர்சாதம் தின்றுகொண்டே மறு கையால் சுடுவேன். அந்த அரைமணி நேரம் எனக்கு வேறு எதுவும் ஞாபகம் வராது. ஒருநாள் மேனேஜர் பார்த்துவிட்டு, "ஆபீஸா, மேளாவா?" என்று கேட்டு அதை அழித்துவிட்டான். சொந்தமாக ஒன்று வாங்குவது என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

பணம் இருந்தது. மாட்டுங்காவில் ஒரு நகைக்கடையில் செயினுக்காக மாதாமாதம் சீட்டுக் கட்டிவந்தேன். என் கல்யாணத்துக்கு. கல்யாணப் பேச்சு எப்போதோ நின்றுவிட்டது, சீட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் நகை வேண்டாம், பணமாகக் கொடு என்று சண்டை போட்டேன். கடைக்காரன் கொஞ்சம் பிடித்துக்கொண்டு கொடுத்தான்.

கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் லாமிங்டன் ரோடில் முதல் கடையில், "கிஸ்கே லியே, பெஹன்ஜி? பாயி கே லியே?" என்றான். தம்பிக்கு இல்லை, எனக்கு என்றேன். டைப்பிங்குக்கா என்றான். "கேல்னே கே லியே", விளையாடத்தான், என்றேன். அவன் வேலைக்காரனைப் பார்த்துச் சிரித்தான். வெளியே வந்துவிட்டேன். அடுத்த கடையிலும் இதே கதை. மூன்றாவது கடைக்குள் நுழையப் போகும்போது பக்கத்து மாடியில் யாரோ போனில் ஒருத்தனைத் திருநெல்வேலித் தமிழில் கிழித்துக்கொண்டிருந்தது கேட்டது. ஏறிப் போனேன். சின்ன ரூம், தரையெல்லாம் ஒயர். தொப்பி போட்ட பாய் ஒருவர் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாருக்கும்மா?"

"எனக்கு."

"என்ன வேலைக்கு?"

"விளையாட."

அவர் சிரிக்கவில்லை. "கையில எவ்வளவு வச்சிருக்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கீபோர்டு மாதிரி இருந்த ஒன்றை எடுத்து வைத்தார்.

"கேமுன்னா இதுதான். டிவியில மாட்டு, டேப் ரிக்கார்டர்ல கேசட்டப் போடு. கலர் கலரா வரும். பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும். உன் காசுல பாதி மிஞ்சும்."

"டிவி என்னோடது இல்ல பாய். மதினி பூட்டி வச்சிருக்கா."

ஆண்டாப் ஹில்லில் அண்ணன் வீட்டில் இருந்தேன். ஹாலில் அண்ணன், மதினி, இரண்டு பிள்ளைகள். சமையலறையில் நான். ஹாலில் மரக்கதவு இழுத்துப் பூட்டுகிற டிவி. சாவி மதினியின் இடுப்பில்.

"கேட்டா திறந்து விடமாட்டாளா?"

"விடுவா. கேக்கணும்லா."

பாய் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, தனி ஸ்கிரீன் வைத்த இரண்டு பெட்டிகளைக் காட்டினார். இரண்டும் அவரே சாமான் வாங்கிக் கோத்தது. விலையும் ஒன்றுதான். முதலாவது வேகமானது. இனி வரப்போகிற கேமெல்லாம் அதில் ஓடும் என்றார். இரண்டாவது பழசு, கனமான தகரப் பெட்டி. அதன் முன்பக்கம் வட்டமாக ஏதோ இருந்தது.

"இது என்ன பாய்?"

"பூட்டு. சாவியத் திருப்பிட்டா கீபோர்டு வேலை செய்யாது. பேங்குக்காரங்க கேப்பாங்க. உனக்கு எதுக்கு?"

"இதையே குடுங்க."

"ஏ தங்கச்சி, கேமுக்கு ஆகாதும்மா அது. நொண்டி நொண்டி நடக்கும்."

"நடக்கட்டும்."

வேகமானதை இந்தப் பெட்டிக்குள் வைக்க முடியாதா என்றும் கேட்டேன். அந்த போர்டில் பூட்டுக்கு இடமே கிடையாதாம்.

"பூட்டுக்காக எவனாவது கம்ப்யூட்டர் வாங்குவானா? ஆம்பளப் பய வந்து இப்படிக் கேட்டிருந்தா படியில உருட்டி விட்டிருப்பேன்" என்று திட்டிக்கொண்டே ஃபிளாப்பிகளில் கேம் போட்டுக் கொடுத்தார். இரண்டு சாவி கொடுத்து, ஒன்றை வீட்டில் யாரிடமாவது கொடுத்து வை என்றார். இரண்டையும் என் பர்ஸில் போட்டேன்.

டாக்ஸியில் கொண்டுபோய் இறக்கியபோது மதினி வாசலில் நின்றாள்.

"என்னட்டி இது? செயின் எங்க?"

"இதுதான் செயின்."

"அப்போ கழுத்துல போட்டுக்கிட்டு நில்லு, மாப்பிள்ளை வருவான்."

அண்ணன் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

சமையலறையில், குளிக்கிற மோரியிலிருந்து தண்ணீர் தெறிக்காத மூலையில் ஒரு மேஜை போட்டு வைத்தேன். மஞ்சள் எழுத்து ஸ்கிரீன். கப்பல்கள் மெதுவாகத்தான் இறங்கின. எனக்குப் போதும். பிள்ளைகள் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அத்தே, ஒரே ஒரு தடவ."

"உங்களுக்கு டிவி இருக்குல்லா. போங்க."

"இதுல கலரே இல்ல. பருப்புத் தண்ணி மாதிரி இருக்கு" என்றான் பெரியவன்.

"அப்போ எதுக்குலே கேக்க?"

சில நாள் கேட்டார்கள். நான் விளையாடி முடித்ததும் சாவியைத் திருப்பி எடுத்துவிடுவேன். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். நான் செய்தது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் என்னைக் கேட்காமல் அசையாத பொருள் அது ஒன்றுதான்.

அந்தக் கேமில் நல்ல ஸ்கோர் எடுத்தால் பெயர் கேட்கும். பெரிய ஸ்கோர் எடுத்த பத்துப் பெயர்களை வரிசையாகக் காட்டும். முதலில் ஓர் இடத்தில் என் பெயர் வந்தது. கொஞ்ச நாளில் பத்து இடத்திலும் நான்தான். பத்தாவது நானை ஒன்பதாவது நான் ஜெயித்திருந்தேன். மேலே ஏறும்போதெல்லாம் என்னை நானே கீழே தள்ளினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுவரை எடுக்காத ஸ்கோர் எடுத்தேன். என்னை அறியாமல் "ஏய்!" என்று கத்திவிட்டேன். ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மதினி அங்கிருந்தே, "என்ன, பால் பொங்கிருச்சா?" என்றாள்.

"இல்ல."

"சரி." அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பூட்டாமல், சாவியை அதிலேயே விட்டு ஆபீஸுக்குப் போனேன். மறந்து போகவில்லை. கேம் ஃபிளாப்பியையும் உள்ளேயே விட்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பிள்ளைகள் கண்ணில் படும். படட்டும். அன்று தட்டிய சரக்குக் கணக்கில் ஏகப்பட்ட தப்பு. வடாலா ஸ்டேஷனில் இறங்கி வேகமாக நடந்து வந்து, செருப்பைக் கழற்றியதும் முதலில் ஸ்விட்சைப் போட்டேன்.

பத்து இடத்திலும் நான்தான்.

அடுத்த நாளும் விட்டுப் போனேன். கீபோர்டின் மேல் மூடியிருந்த துண்டு நான் மடித்த மடிப்பில் அப்படியே இருந்தது. நாற்காலியில் மதினி வெங்காயக் கூடையை வைத்திருந்தாள். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். எனக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள் மேலா, மதினி மேலா, பாய் மேலா, எதுவும் தெரியவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்திருக்கலாம். என் வாயில் அது வரவில்லை.

சனிக்கிழமை வெங்காயக் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து விளையாடினேன். நல்ல ஸ்கோர்தான், மூன்றாவது இடம். பெயர் கேட்டது. பெரியவன் பெயரைத் தட்டினேன். ஸ்கிரீனில் என் பெயர்களுக்கு நடுவில் அது வேறு மாதிரி நின்றது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவனை ஜெயிக்க உட்கார்ந்தேன். முடியவில்லை. அதற்கு மறுநாள் ஜெயித்தேன். அவன் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.